வண்டி இழுக்க மாட்டேங்குது மாப்ள!

மெக்கானிக் ஷெட்டுல ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கேட்டீங்கன்னா தனியா ஒரு அகராதியே போடலாம். "புல்லிங் இல்லை", "பிக்கப் போச்சு", "மேடு ஏறல", "மூச்சு முட்டுது", "வண்டி தூங்குது"... கேக்க எல்லாம் ஒரே நோய் மாதிரி இருக்கும். ஆனா டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு மொட்டையா சொன்னா அவர் என்ன பண்ணுவார்? எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, சாப்பிட்டதுக்கு அப்புறமா முன்னாடியான்னு நாலு கேள்வி கேப்பார் இல்லையா? காருக்கும் அந்த நாலு கேள்வி உண்டு. நம்ம ஊர்ல அதை யாரும் கேக்கறதில்லைங்கறதுதான் என் வருத்தம்.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கிளாஸ்ல ஐசி எஞ்சின் பேப்பர் நடத்தறப்போ தூங்கறவங்க லிஸ்ட்ல நான் கிடையாது, அந்த ஒரு பேப்பர்ல மட்டும் (மத்த பேப்பரைப் பத்தி இங்க எதுக்கு). அதனால என் மாமா வண்டி படுத்தப்போ அதைக் கையில எடுக்கற தைரியம் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுநடுவுல கொஞ்சம் பாடமும் வரும், பொறுத்துக்கங்க.

மாமாவுக்கு சேலத்துல டூரிஸ்ட் டாக்ஸி. 2014 மாடல் டீசல் கார், 1.4 லிட்டர், ரெண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. கம்பெனி பேரு வேண்டாம். ரெண்டு லட்சம் ஓடின வண்டிக்கு வந்த வியாதிக்கு அவங்களைத் திட்டறது நியாயம் இல்லை. மாமாவோட வருமானத்துல பாதி ஏற்காடுதான். அதுலயும் ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல சம்பாதிக்கறதை வெச்சுத்தான் ஜூன்ல பசங்க ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ், எஃப்சி எல்லாம். 2023 ஏப்ரல் ரெண்டாவது வாரம் வண்டி மலை ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அடிவாரத்துலேர்ந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவுலயே வண்டி செகண்ட் கியர்ல முக்குது, பின்னாடி கரும்புகை, போர்டுல மஞ்சள் எஞ்சின் லைட். உள்ள உட்கார்ந்திருந்த கோயமுத்தூர் குடும்பம் இறங்கி வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாங்க. மாமா காசு வாங்கல.

டவுன்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டார். அவங்க ஸ்கேனர் சொருகினாங்க, 'பி0299'ன்னு ஒரு கோடு வந்தது. "டர்போ போயிடுச்சுங்க, புதுசு போடணும், லேபரோட 48,000 ஆகும்." பத்து நிமிஷத்துல தீர்ப்பு முடிஞ்சுது. வீட்டுக்கு வந்த மாமா அத்தைகிட்ட எதுவும் பேசல. அத்தை மட்டும் பீரோவைத் திறந்து வளையல் டப்பாவை எடுத்து மேஜை மேல வெச்சுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் அப்ப அங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அந்த டப்பா சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுது.

"மாமா, ரெண்டு நாள் டைம் குடுங்க, நான் ஒரு தடவை பாத்துடறேன்"னேன்.

"டேய் மாப்ள, நீ பரிச்சைக்குப் படிக்கற வழியப் பாரு. மலைக்கு வண்டி ஓட்டறவன் உசுரு இது"ன்னார். ஆனா சாவியைக் கையில குடுத்துட்டார்.

இப்ப முதல் கேள்வி. எஞ்சின்தான் குற்றவாளின்னு யார் சொன்னது? வண்டி இழுக்கலைன்னா எஞ்சின்ல சக்தி உற்பத்தி ஆகலைன்னும் இருக்கலாம், உற்பத்தி ஆன சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரலைன்னும் இருக்கலாம். கிளட்ச் தேஞ்சிருந்தா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறப்போ ஆர்பிஎம் முள் விர்ருன்னு ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் அப்படியே நிக்கும், கூடவே ஒரு கருகல் வாடை. பிரேக் பிடிச்சுக்கிட்டே இருந்தா பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கி நாலு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டு போனாலே போதும், ஒண்ணு மட்டும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும் (தொட்டுப் பாக்காதீங்க, கிட்டக் கொண்டு போனாலே தெரியும்). டயர்ல காத்து கம்மியா இருந்தாக்கூட வண்டி சோம்பேறி ஆகும். இந்த மூணையும் பாக்க அஞ்சு பைசா செலவு கிடையாது. மாமா வண்டியில மூணும் சுத்தம். ஆர்பிஎம்மே ஏறாம முக்குதுன்னா எஞ்சின்தான் நோயாளி.

எஞ்சினுக்கு என்ன வேணும்? காத்து, எரிபொருள், அது ரெண்டையும் அழுத்தறதுக்கு ஓட்டை இல்லாத சிலிண்டர், சரியான நேரத்துல நெருப்பு, எரிஞ்ச புகை வெளிய போக வழி. அவ்வளவுதான். உலகத்துல எந்தக் காரை எடுத்தாலும் சக்தி குறையுதுன்னா இந்த அஞ்சுல ஒண்ணு அடிபட்டிருக்கும். இதுல டீசலுக்குக் காத்து ரொம்ப முக்கியம். டீசலை எவ்வளவு வேணா ஊத்தலாம், எரிக்கறதுக்குக் காத்து வேணுமே. காத்து பத்தலைன்னா எரியாத கரி கரும்புகையா வெளிய வரும். நீல நிறப் புகைன்னா எஞ்சின் ஆயில் எரியுது. சூடான எஞ்சின்லேர்ந்து வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ள கசியுதா, நாசில் கோளாறான்னு பாக்கணும். மாமா வண்டியில கரும்புகை. அதாவது டீசல் வருது, காத்துதான் வரல.

இங்க மலையைப் பத்தியும் ஒரு வார்த்தை. சேலம் கடல் மட்டத்துலேர்ந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1500 மீட்டர். சேலத்துல காத்தழுத்தம் 98 கிலோபாஸ்கல் இருந்தா மேல போறப்போ 85 ஆயிடும். டர்போ இல்லாத எஞ்சின் இந்த ஏத்தத்துலயே எட்டுல ஒரு பங்கு சக்தியை இழந்துடும், அதுக்கு எந்த ரிப்பேரும் காரணம் இல்லை. "கீழ நல்லா ஓடுது, மேல போனா இழுக்கல"ன்னு பழைய பெட்ரோல் கார்க்காரங்க புலம்பினா பாதி பழியை இயற்கை மேல போட்டுடலாம். ஆனா டர்போ வண்டிக்கு இந்தச் சாக்கு செல்லாது. வெளிய அழுத்தம் குறைஞ்சா டர்போ இன்னும் வேகமா சுத்தி அந்தக் குறையை ஈடு கட்டிடும். வீணாப் போற புகையோட வேகத்தை வெச்சே காத்தை உள்ள திணிக்கலாம்னு சுவிஸ் எஞ்சினியர் ஆல்ஃப்ரெட் பியூகி 1905லயே காப்புரிமை வாங்கிட்டார். இப்ப சின்னக் கார்ல இருக்கற டர்போ உள்ளங்கையில அடங்கற சைஸ்ல இருந்துக்கிட்டு நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் தடவைக்கு மேலகூட சுத்துது. நம்ம மிக்ஸி இருக்கே, அதெல்லாம் இதுக்கு முன்னாடி ஆட்டுக்கல்!

சரி, அந்த 'பி0299' என்ன? "டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு." அவ்வளவுதான் அதோட அர்த்தம். டர்போ செத்துப் போச்சுன்னு அது சொல்லவே இல்லை. வீட்டுல குழாயைத் திறந்தா தண்ணி சொட்டுச் சொட்டா வருது. மோட்டார் கெட்டிருக்கலாம், நடுவுல பைப் உடைஞ்சிருக்கலாம், டேங்க் வால்வை யாராவது பாதி மூடியிருக்கலாம். "தண்ணி கம்மியா வருது"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தா உடனே புது மோட்டார் வாங்குவீங்களா?

இந்தக் கோடுகள் வந்த கதையே வேற. காருக்குள்ள தானே சோதிச்சுக்கற கம்ப்யூட்டர் இருக்கணும்னு முதல்ல கட்டாயப்படுத்தினது அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலம், 1988 மாடல்கள்லேர்ந்து. மெக்கானிக்குக்கு உதவி செய்யணும்னு இல்லீங்க, வண்டி விடற புகையைக் கண்காணிக்கத்தான். 1996லேர்ந்து அமெரிக்கா முழுக்க எல்லாக் கார்லயும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோடு. இந்தியாவுல 2010ல முதல் கட்டமும் 2013ல இரண்டாம் கட்டமும் கட்டாயம் ஆச்சு. உங்க கார் அதுக்கப்புறம் வந்ததுன்னா ஸ்டீயரிங்குக்குக் கீழ முழங்கால் பக்கம் தடவிப் பாருங்க, அந்த சாக்கெட் இருக்கும். 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கற ப்ளூடூத் ஸ்கேனரை அதுல சொருகினா எஞ்சினோட நாடித்துடிப்பு செல்போன்ல ஓடும். எங்க கிளாஸ்ல ஒருத்தன்கிட்ட இருந்தது, ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன்.

என்னைக் கேட்டா கோடு படிக்கறது ஸ்கேனரோட சின்ன வேலை. ஓடற வண்டியில எண்களைப் பாக்கறதுதான் பெரிய வேலை. அந்த ஒர்க்‌ஷாப்ல விட்டது அதைத்தான். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிக்கூடப் பாக்கல.

இன்னொண்ணும் விட்டுட்டாங்க, மாமாவை ஒரு வார்த்தை கேக்கல. நான் உட்கார வெச்சுக் கேட்டேன். எப்பலேர்ந்து? "ஒரு மாசமாவே லேசா சோம்பல். நேத்திக்குத்தான் அடியோட விழுந்துச்சு." தரையில எப்படி? "தனியா போனா ஒண்ணும் தெரியல. நாலு பேர் ஏறினா தெரியுது." சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா? "ஆமாண்டா! கொஞ்ச தூரம் பரவால்லாம போகுது, அப்புறம் மறுபடி படுத்துக்குது." சத்தம் ஏதாவது? மாமா கொஞ்சம் யோசிச்சார். "மேடு ஏறும்போது பாம்பு சீறுற மாதிரி உஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஏசி சத்தம்னு நெனச்சேன்."

அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் உஸ்ஸுன்னு கேட்டுதுன்னு சொல்லி 48,000 ரூபாய் தீர்ப்பை மாத்த முடியாது, சாட்சி வேணும்.

சாவி விஷயத்தை விளக்கிடறேன். எஞ்சின் கம்ப்யூட்டருக்கு எண்கள்ல சந்தேகம் வந்தா, எதுவும் உடைஞ்சுடக் கூடாதுன்னு தானே சக்தியைக் குறைச்சுக்கும். நொண்டி நொண்டியாவது வீடு போய்ச் சேரட்டும்னு ஒரு ஏற்பாடு, லிம்ப் மோடுன்னு பேரு. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நிறைய வண்டியில அது தற்காலிகமா விலகும். அதனால லிம்ப் மோடுல வண்டி இருக்கறப்போ எடுக்கற எண்கள் எதுக்கும் பிரயோஜனம் இல்லை. கோடை அழிச்சுட்டு, அது திரும்ப வர்றதுக்குள்ள அளக்கணும்.

மறுநாள் காலைல ஆறு மணிக்குக் கோரிமேடு தாண்டி அடிவாரம் ரோடு. மாமா ஓட்டினார், நான் பக்கத்துல போனைப் பிடிச்சுக்கிட்டு. தேர்ட் கியர்ல 1500 ஆர்பிஎம்லேர்ந்து முழு மிதி. மூணு எண்களைப் பாத்தேன்.

முதல் எண், காமன் ரெயில் டீசல் அழுத்தம். ஐடில்ல 280 பார், மிதிச்சா 1400க்கு மேல தடங்கல் இல்லாம ஏறுது. டீசல் ஃபில்டர் அடைச்சிருந்தாலோ பம்ப் சோர்ந்திருந்தாலோ மிதிச்ச உடனே இது சரியும். சரியல. டீசல் பக்கம் விடுதலை.

ரெண்டாவது, மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சின் வாய்க்கிட்ட இருக்கற காத்தழுத்தம். நல்ல வண்டியில முழு மிதியில 200 கிலோபாஸ்கல் பக்கம் வரணும், வெளிக்காத்தைப் போல ரெண்டு மடங்கு. மாமா வண்டியில 3000 ஆர்பிஎம்ல 125. கோடு சொன்னது உண்மைதான், அழுத்தம் இல்லை.

மூணாவது எண்தான் கதாநாயகன். ஏர் ஃபில்டருக்கு அடுத்து ஒரு சென்சார் உட்கார்ந்துக்கிட்டு நொடிக்கு எத்தனை கிராம் காத்து உள்ள போகுதுன்னு அளக்கும். அதே 3000 ஆர்பிஎம்ல அது 60 கிராம்னு காட்டுச்சு.

இங்கதான் கணக்கு. 1.4 லிட்டர் எஞ்சின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை முழுசா மூச்சு இழுக்கும். 3000 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 1500 மூச்சு, 2100 லிட்டர். நொடிக்கு 35 லிட்டர், நம்ம தண்ணி கேன் கணக்குல ஒண்ணே முக்கால் கேன். 125 கிலோபாஸ்கல் அழுத்தத்துல, 50 டிகிரி சூட்டுல ஒரு லிட்டர் காத்து ஏறக்குறைய 1.35 கிராம் (பிளஸ் டூல பிவி = எம்ஆர்டின்னு உருப்போட்டோமே, இதுக்குத்தான்). சிலிண்டர் என்னைக்கும் முழுசா நிரம்பாது, அதுக்கு ஒரு பத்துப் பன்னெண்டு சதவீதம் கழிச்சா எஞ்சின் முழுங்கறது 41, 42 கிராம்.

வாசல்ல உள்ள போனது 60. சமையல்கட்டுக்கு வந்தது 42. பாக்கி 18 கிராம் எங்க?

டர்போ செத்திருந்தாலோ, அதோட வேஸ்ட்கேட் திறந்தபடி மாட்டியிருந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலோ ரெண்டு எண்ணும் சேர்ந்து விழும். எஞ்சின் முழுங்கற அளவுதான் வாசல்லயும் காட்டும். ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கிட்டா பழைய புகை திரும்ப உள்ள வந்து இடத்தை அடைச்சுக்கும், அப்ப வாசல் கணக்கு இன்னும் குறையும். வாசல்ல அதிகம், உள்ள கம்மின்னா ஒரே அர்த்தம்தான். டர்போ நல்லாத் தள்ளுது, தள்ளின காத்து வழியில எங்கயோ வெளிய ஓடுது. கரும்புகைக்கும் இதே காரணம். 60 கிராம் காத்து வருதுன்னு நம்பி கம்ப்யூட்டர் டீசலை ஊத்துது, எரிக்க இருக்கறது 42தான்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப டர்போ போகலைங்கறியா?"ன்னார். "போகல மாமா. ஆனா இப்படியே ஓட்டினா போயிடும்"னேன். காத்து ஒழுகினா அதை ஈடு கட்ட டர்போ அளவுக்கு மீறி சுத்தும், ரெண்டு லட்சத்துல சுத்தற சாமானை இன்னும் விரட்டினா எத்தனை நாள் தாங்கும்? அந்த 48,000 ரூபாய்க்குப் புது டர்போ போட்டிருந்தாலும் அதே கோடு திரும்பி வந்திருக்கும், புதுசும் சீக்கிரமே தேஞ்சிருக்கும். இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். டர்போவுலேர்ந்து இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ், இன்டர்கூலர்லேர்ந்து எஞ்சினுக்கு ஒரு ஹோஸ், நாலு கிளிப், நடுவுல இன்டர்கூலர். கண்ணால பாத்தா எல்லாம் ஜம்முன்னு இருக்கு. இந்த ஹோஸ்ல வர்ற வெடிப்பு அப்படித்தான், அழுத்தம் ஏறினாத்தான் திறக்கும். வண்டி நிக்கறப்போ வாயை மூடிக்கிட்டு நல்ல பிள்ளையா இருக்கும்.

பெரிய ஒர்க்‌ஷாப்ல இதுக்குப் புகை விட்டுப் பாக்கற மெஷின் உண்டு. நம்மகிட்ட ஏது? ஹார்டுவேர் கடையில டர்போ வாய் சைஸுக்கு ஒரு பிவிசி என்ட் கேப் வாங்கினேன், நடுவுல ஓட்டை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு மாட்டினேன். கோரிமேட்டுல மாமாவுக்குத் தெரிஞ்ச பஞ்சர் கடை, மலையாளி ஒருத்தர். "சேட்டா, கொஞ்சம் காத்து வேணும்"னதும் "டயர் எவிடே?"ன்னார். என்ட் கேப்பைக் காட்டினதும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, கையில இருந்த டியூபைக் கீழ வெச்சுட்டு வேடிக்கை பாக்க வந்துட்டார்.

காத்து ஏத்தறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் பைப்பைக் கழட்டினதும் டர்போவோட விசிறி நேராத் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கறப்போ விரலால ஆட்டிப் பாத்தேன். பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கலாம், அது ஆயில்ல மிதக்கற பேரிங். முன்னாடி பின்னாடி ஆட்டம் இருக்கவே கூடாது. இல்லை. இறக்கை எதுவும் ஓரம் உரசல, ஆயில் தேங்கல, சுண்டி விட்டா வழுக்கிக்கிட்டு சுத்துது. மாமாவையும் தொட்டுப் பாக்கச் சொன்னேன். மனுஷன் முகத்துல அப்பத்தான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

என்ட் கேப்பை டர்போ வாய்ல மாட்டி கிளிப் இறுக்கினேன். சேட்டன் மெதுவா 10 பிஎஸ்ஐ விட்டார். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணியில கலக்கி வெச்சிருந்தேன், மேல இருக்கற ஹோஸ், கிளிப், இன்டர்கூலர் மூலை ஒவ்வொண்ணுலயும் தெளிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணும் இல்லை. எஞ்சினுக்குள்ள ஏதோ ஒரு வால்வு திறந்திருக்கும், அது வழியா சைலன்சர் பக்கம் கொஞ்சம் காத்து போறது சகஜம், அதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது. அப்புறம் பம்பருக்கு அடியில படுத்துக்கிட்டு இன்டர்கூலர்லேர்ந்து மேல போற ஹோஸோட அடிப்பக்கம் தெளிச்சேன்.

புஸ்ஸுன்னு நுரை மூஞ்சியிலயே அடிச்சுது.

ஹோஸ் ஒரு இரும்பு பிராக்கெட்டு மேல உரசற இடம். அங்க ஒரு மூணு சென்டிமீட்டர் வெடிப்பு. காத்து ஏறினா மீன் வாய் மாதிரி திறக்குது, காத்தை நிறுத்தினா மூடிக்குது. அதைச் சுத்தி கருப்பா எண்ணெய் பிசுபிசுப்பு. எஞ்சின்லேர்ந்து வர்ற ஆயில் ஆவி இந்தப் பாதையில கொஞ்சம் கலந்து வரும், வருஷக்கணக்கா அது பட்டுப் பட்டு ரப்பர் ஊறிப் போயிடும், உரசல் மிச்ச வேலையை முடிச்சுடும். மாமா குனிஞ்சு பாத்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிஞ்சு பாத்தார். "இதுக்கா?"ன்னார். சேட்டன் மலையாளத்துல அந்த ஒர்க்‌ஷாப்பை ஏதோ சொன்னார். மொழி புரியலைன்னாலும் அர்த்தம் புரிஞ்சுது.

புது ஹோஸ் 1,450 ரூபாய், கிளிப் ரெண்டு 120. டேப் சுத்தி ஒப்பேத்தலாமான்னு மாமா கேட்டார், நான் ஒத்துக்கல. ரெண்டு மடங்கு அழுத்தமும் சூடும் ஏறற இடத்துல டேப் ஒரு மலைகூடத் தாங்காது. பிராக்கெட்டு உரசற இடத்துல பழைய டியூப் துண்டு ஒண்ணை வெட்டிக் கட்டிவிட்டோம், புதுசும் அறுந்துடக் கூடாதே. கோடை அழிச்சுட்டு சாயங்காலம் அதே ரோடு, அதே தேர்ட் கியர், அதே 3000 ஆர்பிஎம். அழுத்தம் 205, காத்து 68 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, இந்தத் தடவை வாசலும் சமையல்கட்டும் ஒத்துப் போகும். மாமா அப்படியே வண்டியை நிறுத்தாம மேல விட்டுட்டார். இருபதாவது வளைவு தாண்டித்தான் பேச்சே வந்தது. "டீ சாப்பிடலாம் கண்ணு."

அந்த மே மாசம் கோடை விழா சமயத்துல மட்டும் ஒரே நாளுல மூணு தடவை ஏறி இறங்கினதா அத்தை சொன்னாங்க. வளையல் டப்பா பீரோவுக்குள்ள போயிடுச்சு.

இது வெளிய தெரிஞ்சதுலேர்ந்து தெருவுல யார் வண்டி இழுக்கலைன்னாலும் எனக்கு அழைப்பு வருது. அதுல பாத்தவரைக்கும் சிலதைச் சொல்லிடறேன். பெட்ரோல் கார்ல சக்தி குறைஞ்சு, கூடவே உதறலும் இருந்து, எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினா ஒரு சிலிண்டர்ல நெருப்பு வரல. இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க, கோளாறும் கூடவே இடம் மாறினா காயில், இல்லைன்னா பிளக், நாசில். அதை அப்படியே விட்டு ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு உள்ள இருக்கற தேன்கூடு உருகி அடைச்சுக்கும், அப்புறம் புகை வெளிய போக வழியில்லாம வண்டி நிரந்தரமா மூச்சு முட்டும். 2020க்கு அப்புறம் வந்த டீசல் கார்கள்ல கரியைப் பிடிக்கற ஃபில்டர் இருக்கு. மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டறவங்களுக்கு அது அடைச்சுக்கும், ஹைவேல அரை மணி நேரம் ஓட்டினா சூட்டுல தானே எரிஞ்சு சுத்தமாகும்.

"20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததுலேர்ந்து வண்டி இழுக்கல"ன்னு 2025லேர்ந்து எல்லாரும் சொல்றாங்க. எத்தனால்ல லிட்டருக்கு சக்தி மூணுல ஒரு பங்கு கம்மிங்கறது வாஸ்தவம். ஆனா கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி அதிகமா ஊத்திக்கும், அதனால அடி விழறது மைலேஜ்லதான், இழுவையில பெருசா இல்லை. எதிர்வீட்டு அங்கிள் எத்தனாலைத் திட்டிக்கிட்டே வந்தார். ஏர் ஃபில்டரைக் கழட்டினா உள்ள எலி கூடு கட்டியிருக்கு!

கொசுறு: வீட்டுல இந்தக் காத்து சோதனை பண்றவங்க 15 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, என்ட் கேப் தோட்டா மாதிரி பறக்கும், முகத்தை நேராக் கொண்டு போகாதீங்க. வண்டி அடியில படுக்கறதுன்னா ஜாக்கை மட்டும் நம்பாம ஸ்டாண்டு வெச்சுட்டுப் படுங்க. ஓட்டறவர் போனைப் பாக்கக் கூடாது, எண்ணைப் படிக்க இன்னொருத்தரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கங்க. இரவல் ஸ்கேனரை மட்டும் சொன்ன தேதியில திருப்பிக் குடுத்துடுங்க, அடுத்த தெருவுல ஒருத்தர் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்.